மேட் இல்லாத ஜூடோ: ஒரு ஆன்லைன் கோர்ஸ் விமர்சனம்

தற்காப்புக் கலைகளின் கோட்பாடுகளை எடுத்து அன்றாட வாழ்க்கையில் எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித்தருகிற கோர்ஸ்கள் இப்போது ஏகப்பட்டது வந்துவிட்டன. அதில் ஒன்றைக் கடைசிப் பாடம் வரைக்கும் பார்த்து முடித்துவிட்டு எழுதுகிறேன். பெயர் போடவில்லை. குறை சொல்ல வேண்டிய இடங்கள் நிறைய இருக்கின்றன, அதோடு இந்த வகைக் கோர்ஸ் எல்லாமே ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவைதான். வாரத்துக்கு ஒரு பாடம், பாடத்துக்கு நாலைந்து வீடியோ, கூடவே பி.டி.எஃப்பாக ஒரு பயிற்சிப் புத்தகம், வாரக் கடைசியில் நேரலையில் கேள்வி பதில், ஒவ்வொரு பாடம் முடிந்ததும் ஆப்பில் ஒரு கலர் பெல்ட். உங்கள் கண்ணில் பட்ட விளம்பரமும் இப்படித்தான் இருந்திருக்கும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதி உருப்படி, பாதி வெறும் வசனம். எழுந்து நின்று உடம்பால் ஏதாவது செய்யச் சொல்கிற பாடங்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்து கேமராவைப் பார்த்துப் பேசுகிற பாடங்களை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினாலும் நஷ்டமில்லை. நான் சின்ன வயதில் கொஞ்ச காலம் கராத்தே போனவன், இப்போது நேரம் கிடைக்கும்போது ஜூடோ வகுப்புக்குப் போகிறவன், பெரிய ஆள் ஒன்றும் இல்லை. ஆனால் மேட்டில், அதாவது பயிற்சி விரிப்பில், விழுந்து எழுந்த உடம்புக்கு எது நிஜம், எது படம் காட்டுவது என்று ஓரளவு தெரியும்.

முதல் பாடமே விழுவதைப் பற்றியது. அதை முதலில் வைத்த ஆசிரியருக்கு ஒரு கும்பிடு. ஜூடோவில் யாரையாவது தூக்கிப் போடக் கற்றுக்கொள்வதற்கு முன்னால் விழக் கற்றுக்கொள்ள வேண்டும், உகேமி என்பார்கள். பின்பக்கம் விழுவதைக் குந்தி உட்கார்ந்த நிலையில்தான் ஆரம்பிப்பார்கள். கை இரண்டையும் மார்புக்கு முன்னால் குறுக்கே வைத்து, தாடையை நெஞ்சோடு ஒட்டி, கண் பெல்ட் முடிச்சைப் பார்த்தபடி, முதுகை வளைத்து அப்படியே உருள வேண்டும். முதுகு தரையைத் தொடும்போதே இரண்டு கைகளாலும் தரையை ஓங்கி அறைய வேண்டும், மூச்சு வெளியே போய்க்கொண்டிருக்க வேண்டும். தாடையை ஒட்டுவது தலை பின்னால் சாய்ந்து மோதாமல் இருக்க. கையை அறைவதில் இரண்டு லாபம்: விழுகிற வேகத்தில் கொஞ்சம் கைக்குப் போகும், முக்கியமாக, கையைப் பின்னால் ஊன்றத் தோன்றாது. புதிதாக விழுகிறவர்கள் எல்லோரும் கையைத்தான் ஊன்றுவார்கள், மணிக்கட்டு போவது அதனால்தான். இதையெல்லாம் வீடியோவில் மூன்று கோணத்தில் நிதானமாகக் காட்டுகிறார், அவசரமே இல்லை.

அப்புறம் பயிற்சிப் புத்தகத்தைத் திறந்தால் மூன்றே கேள்வி. வரப்போகிற நாட்களில் நீ எங்கே விழக்கூடும்? விழுந்தால் தலை மாதிரி காப்பாற்றியே ஆக வேண்டியது எது? கை மாதிரி தரையில் அறைந்து வலி வாங்கிக்கொள்ளக்கூடியது எது? நான் எழுதியது அலுவலகத்தில் ஒரு திட்டத்தை மேலதிகாரியிடம் வைக்கப்போகிற நாளைப் பற்றி. நிராகரிக்க வாய்ப்பு அதிகம் என்று தெரியும். காப்பாற்ற வேண்டியது, என்னோடு சேர்ந்து அதை உழைத்துத் தயாரித்த பெண் இனிமேலும் என்னை நம்பி வேலை செய்வது. வலி வாங்கிக்கொள்ளக்கூடியது, கூட்டத்துக்கு முன்னால் கொஞ்சம் மூக்கு உடைவது. இதை எழுதி வைத்துக்கொண்டு போனதால் திட்டம் ஏற்கப்பட்டுவிட்டது என்றெல்லாம் இல்லை, நிராகரித்துவிட்டார்கள். ஆனால் "அந்தக் கணக்கு இவங்க போட்டது" என்று பழியைத் தள்ளிவிட வாய் துறுதுறுத்தபோது எதை ஊன்றக் கூடாது என்று எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. நேர்மறையாக நினை, தோல்வியைப் படிக்கட்டாக்கு என்கிற வழக்கமான உபதேசத்தைவிட இது எவ்வளவோ தேவலை. விழுவது நிச்சயம் என்று ஒத்துக்கொண்டு விழுகிற முறையைப் பழக்குகிறது.

இந்தப் பாடத்திலேயே ஒரு பெரிய குறையும் உண்டு. தடிமனான விரிப்பு இல்லாமல் செய்யாதீர்கள் என்கிற எச்சரிக்கை திரையின் ஓரத்தில் பொடி எழுத்தில் வந்து போய்விடுகிறது. கழுத்திலோ முதுகிலோ தொந்தரவு இருப்பவர்கள் என்ன செய்வது என்று ஒரு வார்த்தை இல்லை. வெறும் தரையில் தனியாக நின்றபடி பின்னால் விழுந்து பார்க்கிற ஆள் ஒருவராவது இருப்பார். தயவுசெய்து அது நீங்களாக இருக்காதீர்கள். குந்தின நிலையைத் தாண்ட வேண்டும் என்றால் ஒரு நல்ல வகுப்புக்குப் போய் ஆள் பக்கத்தில் இருக்கச் செய்யுங்கள்.

இரண்டாவது நல்ல பாடம் தூரம். ஜப்பானியக் கலைகளில் மா-ஆய் என்று சொல்வது. வாள் கலையான கெண்டோவில் இரண்டு பேர் எதிரெதிரே வாளை நீட்டி நிற்கும்போது, ஒரே ஒரு அடி முன்னால் வைத்தால் அடிக்கலாம், ஒரே ஒரு அடி பின்னால் வைத்தால் தப்பிக்கலாம் என்கிற ஒரு தூரம் இருக்கிறது, சண்டையே அந்த இடத்தில்தான் நடக்கும். பாடத்தில் வீட்டில் யாரையாவது எதிரே நிற்கவைத்து, அவர் கை நீட்டினால் தோளில் படுகிற தூரம் எது, படாத தூரம் எது என்று கண்ணை வைத்துச் சொல்லிப் பார்க்கச் சொல்கிறார்கள். செய்து பாருங்கள், நாம் நினைப்பதைவிட எதிராளியின் கை எப்போதும் நீளமாகத்தான் இருக்கும்.

வாழ்க்கைக்கு வருகிற இடம் எதிர்பார்த்ததுதான்: கோபமூட்டுகிற மெசேஜ். குடும்பக் குழுவில் என் அண்ணன், அம்மாவின் மருத்துவச் செலவு பற்றிய பேச்சில், "உனக்கு என்ன தெரியும், நீ பேசாம இரு" என்று போட்டார். கட்டைவிரல் தானாகவே திரைக்குப் போய்விட்டது. பாடம் சொன்னபடி போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்தேன். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கச் சொல்கிறார்கள், அதில் மாயம் இல்லை: மூச்சு உள்ளே போகும்போது இதயத் துடிப்பு லேசாக வேகமெடுக்கும், வெளியே வரும்போது லேசாக மெதுவாகும், நீளமாக விட்டால் மெதுவாகிற பங்கு கூடுகிறது, அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணே, நாளைக்கு நேர்ல வந்து பேசுறேன்" என்று மட்டும் அனுப்பினேன்.

சரி, நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் கோர்ஸ் இந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. தூரம் என்றால் விலகிக்கொள்வது என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் அது அரைப் பாடம். கெண்டோவில் பின்னாலேயே போய்க்கொண்டிருப்பவனுக்கு அடி விழாது, புள்ளியும் விழாது. ஜூடோவில் எதிராளியின் சட்டையைப் பிடிக்காமல் விலகியே திரிந்தால் நடுவர் ஷிடோ என்கிற எச்சரிக்கைத் தண்டனை கொடுப்பார், மூன்றாவது ஷிடோவில் ஆட்டமே போய்விடும். மறுநாள் நேரில் போய் அண்ணனோடு உட்கார்ந்து பணக்கணக்கைப் பேசினேனே, எனக்குக் கஷ்டமாக இருந்தது அந்தப் பகுதிதான். நெருங்குவதற்கு இந்தக் கோர்ஸில் ஒரு பயிற்சிகூட இல்லை. பேச வேண்டிய ஒரு பேச்சை மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிற ஆட்கள்தான் இந்த மாதிரிக் கோர்ஸ்களை அதிகமாக வாங்குவார்கள் என்பது என் சந்தேகம், அவர்களுக்கு இன்னும் நன்றாக ஒதுங்கிக்கொள்ளக் கற்றுக்கொடுத்து என்ன பிரயோஜனம்?

அடுத்து, விளம்பரத்தில் இருக்கிற பெரிய வாக்குறுதி. மேட்டில் வருகிற ஒழுங்கு தானாகவே வேலைக்கும் வீட்டுக்கும் பரவும் என்கிறார்கள். பரவாது. அல்லது, தானாகப் பரவாது. உளவியலாளர்கள் தார்ண்டைக்கும் உட்வர்த்தும் 1901-லேயே இதைச் சோதித்து எழுதிவிட்டார்கள்: ஒரு திறமையில் பழகினால் இன்னொன்றுக்கு அது போய்ச் சேருவது, இரண்டுக்கும் பொதுவான கூறுகள் எவ்வளவு இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. பயிற்சிக் கூடத்தில் ஒரு நிமிடம் தாமதமாக வராத ஆள், வெளியில் எல்லா இடத்துக்கும் தாமதமாக வருவதை நானே பார்த்திருக்கிறேன். கூடத்தில் அவரை ஒழுங்காக வைத்திருந்தது அந்த இடம், அந்த வணக்கம், அந்த மாஸ்டரின் கண்.

வேடிக்கை என்னவென்றால், விளம்பரம் பொய் சொன்னாலும் பயிற்சிப் புத்தகம் சரியாக நடந்துகொள்கிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு சின்ன அட்டை நிரப்ப வேண்டும்: "இன்னது நடந்தால், உடனே இன்னதைச் செய்வேன்." போன் அதிர்ந்து அண்ணன் பெயரைப் பார்த்தால், முதலில் எழுந்து நிற்பேன். கூட்டத்தில் யாராவது குறுக்கே பேசினால், பதிலுக்கு முன்னால் ஒரு மூச்சு விடுவேன். இப்படி எப்போது, என்ன என்று முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டால், வெறுமனே "பொறுமையாக இருப்பேன்" என்று நினைப்பதைவிடக் காரியம் நடக்கிற வாய்ப்பு கூடும் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலிருந்து ஆராய்ந்து எழுதியிருக்கிறார். கோர்ஸில் அவர் பெயர் எங்கேயும் வரவில்லை, பழைய சாமுராய் ரகசியம் என்கிற மாதிரி போட்டிருக்கிறார்கள். இருக்கட்டும், அட்டை வேலை செய்கிறது.

கோர்ஸின் அடிப்படைக் கோளாறு என்று நான் நினைப்பது வேறு. தற்காப்புக் கலையை வாழ்க்கைக்குக் கொண்டுவருவது இவர்கள் கண்டுபிடித்த விஷயம் இல்லை. ஜூடோவை 1882-இல் தொடங்கிய கானோ ஜிகோரோ முதலில் ஒரு கல்வியாளர், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராகப் பல வருடம் இருந்தவர். ஜூடோவில் சண்டை போடக் கற்பது ஆரம்பக் கட்டம் என்றும், அதே கோட்பாடுகளை வாழ்க்கை முழுவதுக்கும் கொண்டுபோக வேண்டும் என்றும் அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கராத்தேயை ஒகினாவாவிலிருந்து ஜப்பானின் மைய நிலத்துக்குக் கொண்டுபோன ஃபுனாகோஷி கிச்சினும் பள்ளி ஆசிரியர்தான், பயிற்சிக் கூடத்தில் மட்டும்தான் கராத்தே என்று நினைக்காதே என்பது அவருடைய இருபது நெறிகளில் ஒன்று. கானோ இரண்டு கோட்பாடுகளை வைத்தார். ஒன்று, உடம்பிலும் மனதிலும் இருக்கிற ஆற்றலை மிகச் சிறந்த முறையில் பயன்படுத்துவது. இன்னொன்று, நீயும் நானும் சேர்ந்து வளர்வது. கோர்ஸ் முதலாவதை எடுத்துக்கொண்டு "குறைந்த உழைப்பு, நிறைந்த பலன்" என்று பிழிந்து இரண்டு பாடம் நடத்துகிறது. இரண்டாவது ஒரு ஸ்லைடில் வந்து போகிறது.

அந்த இரண்டாவது இல்லாமல் முதலாவதற்கு அர்த்தமே கிடையாது. ஜூடோவில் நான் ஒரு எறிதலைப் பழக வேண்டும் என்றால் எதிரே ஒருவர் தன் உடம்பை எனக்குக் கடன் கொடுக்க வேண்டும், தரையில் விழச் சம்மதிக்க வேண்டும், நான் அவரை ஒழுங்காக விழவைக்க வேண்டும், அடுத்து அவருடைய முறை. மூட்டை அசையவிடாமல் பூட்டுப் போடும்போது அவர் கையால் என்னைத் தட்டினால் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும், பேச்சே கிடையாது. எதிரில் இருப்பவரின் மூட்டு என் பொறுப்பு. நான் முரடாக எறிந்தால் அடுத்த வாரம் என்னோடு பழக யாரும் வரமாட்டார்கள், நானும் கற்க முடியாது. இந்தச் சம்மதமும் பொறுப்பும்தான் வாழ்க்கைக்கு எடுத்துப்போக லாயக்கான சரக்கு. வேலை இடத்தில் ஒரு ஜூனியரைத் திருத்துகிறபோது அவர் "போதும்" என்று காட்டுகிற அடையாளம் எது, அதைப் பார்த்ததும் நிறுத்துகிறேனா என்று யோசிக்கவைத்திருக்கலாம். கோர்ஸில் எல்லாமே நான், என் இலக்கு, என் ஒழுக்கம், என் எல்லை. எதிராளி என்றால் சோம்பேறித்தனம், பயம் என்று உள்ளுக்குள்ளேயே இருக்கிற நிழல்கள். நிழல் தட்டாது, புகார் சொல்லாது, நம்மைத் திருப்பி எறியவும் எறியாது.

கெண்டோ பற்றி இன்னொரு சின்ன பகுதி, அருமையாக எடுத்திருக்கிறார்கள். கெண்டோ போட்டியில் அடி சரியாக விழுந்தாலும், அடித்த பிறகும் கவனமும் நிலையும் கலையாமல் இருந்தால்தான் அது புள்ளி. ஸான்ஷின் என்று பெயர். அடித்துவிட்டுக் கையை உயர்த்திக் கொண்டாடினால் கொடுத்த புள்ளியையே ரத்து செய்யலாம். இதை வைத்து, ஒரு வேலை முடிந்ததும் இன்னும் கொஞ்ச நேரம் அதோடேயே இருக்கச் சொல்கிறார்கள். மெயிலை அனுப்பிவிட்டு, அனுப்பிய இணைப்பைத் திறந்து பார். சண்டை சமாதானம் ஆன பிறகு எழுந்து ஓடாதே, அங்கேயே இரு. அந்த இரண்டாவது உதாரணத்துக்காகவே ஆசிரியரை மன்னித்துவிடலாம், மன்னிக்க வேண்டியும் வருகிறது: இதற்கு அடுத்த பாடம் அவ்வளவு மோசம்.

அது நிற்கும் நிலை பற்றிய பாடம். கால் பற்றிப் பேசுவார்கள் என்று எதிர்பார்த்தேன். சிலம்பத்தில் கம்பு வீச்சுக்கு முன்னால் காலடிதான், குத்துச்சண்டையில் முதலில் கால்தான், கராத்தேயில் மணிக்கணக்கில் நிலை பிடித்தே தொடை எரியும். இங்கே கால் பற்றி ஒரு வரி இல்லை. நெஞ்சை விரித்து இடுப்பில் கைவைத்து இரண்டு நிமிடம் நின்றால் ஹார்மோன் மாறித் தன்னம்பிக்கை பொங்கும் என்று "அறிவியல்" சொல்கிறார்கள். 2010-இல் வந்த ஆய்வு அது, அதுவும் சின்ன அளவில் செய்தது. 2015-இல் 200 பேரை வைத்துத் திரும்பச் செய்தபோது ஹார்மோன் மாற்றம் எதுவும் தென்படவில்லை. 2016-இல் முதல் ஆய்வை எழுதியவர்களில் முதல் பெயருக்குரியவரே, இந்த விளைவு உண்மை என்று தான் நம்பவில்லை என்று பகிரங்கமாக எழுதிவிட்டார். இத்தனை வருடம் கழித்தும் இதை விற்பது நியாயமே இல்லை. நேரலையில் ஒருவர் இதைக் கேட்டார், "உங்களுக்கு வேலை செய்கிறதா என்று பாருங்கள்" என்று நழுவிவிட்டார் ஆசிரியர்.

பெல்ட் விஷயத்துக்கு வருகிறேன். வீடியோ ஓடி முடிந்தால் ஆப்பில் மஞ்சள், அடுத்தது ஆரஞ்சு, அப்படியே கறுப்பு வரைக்கும். வீடியோவை ஓடவிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவினாலும் பெல்ட் வரும், சோதித்துப் பார்த்தேன். கானோ 1883-இல் முதன்முதலாகத் தன் மாணவர்கள் இரண்டு பேருக்கு முதல் டான் தரம் (இன்று கறுப்புப் பெல்ட்டுக்கான தரம்) கொடுத்தார், கலர் கலரான பெல்ட் வரிசை அதற்கு எவ்வளவோ பின்னால் ஐரோப்பாவில் பரவியது. எந்தக் கலரானாலும் பெல்ட்டைக் கொடுப்பது நீ செய்வதை நேரில் பார்த்த இன்னொரு மனிதர். ஆப் எதைப் பார்த்தது? கோர்ஸ் முடிந்ததும் கறுப்புப் பெல்ட் படம் போட்ட சான்றிதழ் வருகிறது, அதை வேலை தேடும் இணையதளத்தில் போட்டுக்கொள்ளச் சொல்லி பொத்தான் வேறு. உண்மையில் பெல்ட் கட்டுகிற யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று இவர்களுக்குக் கவலையே இல்லை.

மேற்கோள்கள் பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு வீடியோவுக்கும் நடுவில் மலை, மூடுபனி, வாள், கீழே ஒரு வசனம், அதற்குக் கீழே ஒரு பழைய குருவின் பெயர். எங்கே சொன்னார் என்று ஒன்றுக்கும் குறிப்பு இல்லை. பின்னணி இசையும் அப்படித்தான், போர்க்களத்துக்குப் போகிற மாதிரி. எல்லாவற்றையும் விட எனக்குச் சிரிப்பு வந்தது ஷு-ஹா-ரி பற்றிய பாடத்தில். விதியை அப்படியே பின்பற்று, பிறகு மீறிப் பார், பிறகு விதியிலிருந்தே விடுபடு என்று மூன்று கட்டம், ஜப்பானியக் கலைகளில் ஒரு மாணவன் பல வருடம், சில சமயம் வாழ்நாள் முழுக்க நடக்கிற பாதை. இங்கே ஒரே வாரத்தில் மூன்றும் முடிந்துவிடுகிறது. திங்கட்கிழமை விதி, புதன்கிழமை மீறல், வெள்ளிக்கிழமை விடுதலை.

நேரலை வகுப்புகள் பரவாயில்லை. கூட்டம் அதிகம், கேள்வியை முன்னாலேயே எழுதி அனுப்பினால்தான் வாய்ப்பு. ஆனால் ஆசிரியருக்கு உண்மையிலேயே விஷயம் தெரியும், யாராவது உடம்பு சம்பந்தமாகக் கேட்டால் எழுந்து நின்று செய்து காட்டுகிறார், அப்போதுதான் ஆள் உயிரோடு இருக்கிறார். எழுதிக்கொடுத்த வசனத்தைப் படிக்கும்போது வேறு ஆள்.

யார் வாங்கலாம்? ஏற்கனவே ஏதாவது ஒரு கலையைப் பழகிக்கொண்டிருக்கிறவர்களுக்கு விழுவது, தூரம், ஸான்ஷின், அந்த அட்டைகள் நிச்சயம் உதவும், கூடத்தில் செய்வதை வெளியே எங்கே பொருத்துவது என்று யோசிக்க ஒரு சாக்கு கிடைக்கிறது. எதையுமே பழகாதவர்கள் இந்தக் காசைப் பக்கத்தில் இருக்கிற ஏதாவது ஒரு வகுப்பில் போய்க் கட்டுவது மேல், எந்தக் கலையானாலும் சரி, எதிரில் ஒரு ஆள் நின்றால் போதும். அந்த வகுப்பிலும் முதல் மாதம் விழுவதையும் தூரத்தையும்தான் சொல்லித்தருவார்கள், பயிற்சி முடிந்ததும் கூடத்தைக் கூட்டிப் பெருக்கச் சொன்னாலும் சொல்வார்கள், அதற்கு ஈடாக இந்தக் கோர்ஸில் ஒரு பாடமும் இல்லை. இலவச மாதிரி வீடியோ ஒன்று எப்படியும் போட்டிருப்பார்கள், அதைப் பார்க்கும்போது ஆசிரியர் எத்தனை நிமிடம் எழுந்து நிற்கிறார் என்று மட்டும் கவனியுங்கள்.

இன்னொன்று, வாங்கிவிட்டால் முதல் நாளே கணக்குப் பக்கத்துக்குப் போய் தானாகப் புதுப்பிக்கிற வசதியை அணைத்துவிடுங்கள். கோர்ஸ் முடிந்த கையோடு "மாஸ்டர்கள் வட்டம்" என்று ஒரு மாதச் சந்தாவுக்குள் கேட்காமலே நம்மைச் சேர்த்துவிடுகிறார்கள். எனக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், ஆனால் அதற்கு நாலைந்து மெயில் போட வேண்டியிருந்தது, ஒவ்வொரு பதிலும் மூடுபனி படத்தோடு வந்தது.